மதில்ல போட்ட ஓட்டை

அட, டீ எல்லாம் வேணாம் தம்பி. ரயில்ல நாள் பூரா ஊராருக்கு டீ ஊத்திக் குடுக்கிறவ நான், அந்தக் கிளாஸப் பாத்தாலே எரிச்சல் வருது. நீ உக்காரு. கதவையே எதுக்குப் பாக்குற? போலீஸா கூட்டியாந்திருக்கேன்? மாவுக்குள்ள செர்ரி வச்சு அவிச்ச வரேனிகி கொண்டாந்திருக்கேன். ராத்திரி பூரா ரயில்ல வந்தது, ஆறித்தான் போச்சு, சட்டில போட்டுச் சூடு பண்ணிக்கோ.

நீதான அந்த மீசைக்காரன்? கேம் ஆடறவங்க எழுதற அந்த ஃபோரம்ல அப்படித்தான பேரு வச்சிருக்க? மூஞ்சில ஒரு முடியக் காணோமே! எப்படிக் கண்டுபிடிச்சேனா? நீயேதான் எழுதி வச்சிருந்த, ட்ராம் டிப்போ பக்கம் வீடு, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பாக்குறேன், அதனால அடுத்த பேட்ச் லேட்டாகும்னு. எங்க வண்டி இந்த ல்விவ் ஊருக்கு வந்து சாயங்காலம் வரைக்கும் சும்மாத்தான நிக்குது. இறங்கி ட்ராம் டிப்போ எங்கன்னு கேட்டு வந்தேன். கீழ ரொட்டிக் கடையில கேட்டா, மாடிக்குக் கைய நீட்டிட்டாங்க. நல்ல பேரு எடுத்து வச்சிருக்க, அந்தம்மா ஃப்ரிட்ஜ் இன்னும் ஒழுகுதாம்.

உன் கேமப் பத்திப் பேசத்தான் வந்தேன். தெரியும் தம்பி, கேம் உன்னுது இல்ல. அது பழசு, கம்பெனிக்காரனே மறந்துட்டான். அதுமேல நீ உன் இஷ்டத்துக்குப் புதுசா ஊரு, பூதம், கதை எல்லாம் கட்டி விட்டிருக்கியே, அந்த மாட். அதப் பத்திதான். காசு ஒண்ணும் குடுக்கலதான். காசு குடுக்கலைன்னா திட்டக்கூடாதா?

எங்க வீட்டுக்காரரு லோன்யா. எங்க ஊரு கிரிவி ரிஹ்ல இரும்புச் சுரங்கத்துல வேலை. இப்ப வேலைக்குப் போறதில்ல. போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலம் உள்ள மேக்கூரை சரிஞ்சுடுச்சு. அவரும், கூட வேலை பாத்த ஜோராவும் மாட்டிக்கிட்டாங்க. இவர வெளிய எடுத்தாங்க. ஜோராவ எடுக்கறப்போ உயிர் இல்ல.

பாவமெல்லாம் படாத, எனக்குப் புடிக்காது. அதுலேர்ந்து இவரு பேசறதில்ல. வாயே போயிடலை, அதான் கொடுமை. கடைக்காரிகிட்டப் பேசுறாரு. பக்கத்து வீட்டு நாய்கிட்டப் பேசுறாரு, அதுக்கு வணக்கம் எல்லாம் சொல்றாரு. என்கிட்டதான் இல்ல. உப்பு வேணும்னா எந்திரிச்சுப் போய் எடுத்துக்குவாரு, எடும்மான்னு ஒரு வார்த்தை வராது. ஒரே வீட்டுல ரெண்டு பேரு வாடகைக்கு இருக்கிற மாதிரி இருக்கோம்.

அப்பதான் இந்தச் சனியன் வந்து சேந்துச்சு, நாள் பூரா அதையே ஆடிக்கிட்டு இருந்தாரு. கோவிச்சுக்காத, சனியன்னுதான் சொல்வேன். முதல்ல கேமப் போடணும், அதுக்கு மேல அதோட பேட்ச், அதுக்கு மேல உன் மாட், அப்புறம் அதுக்கு ஒரு திருத்தம், திருத்தத்துல ஒரு தப்பு, அதுக்கு இன்னொரு திருத்தம். வரிசை கொஞ்சம் மாறினா போச்சு, வெள்ளையா ஒரு கட்டம் வந்து என்னமோ திட்டிட்டு அணைஞ்சுடுது. ஒவ்வொரு தடவையும் நீ ஒண்ணு எழுதுவியே, பழைய சேவ் வேலை செய்யாது, புதுசா ஆரம்பிங்கன்னு. அத எழுதறப்போ உனக்குக் கை கூசாதா? அந்த மனுஷன் தலையால தண்ணி குடிச்சு ஒரு துப்பாக்கி வாங்கி வச்சிருப்பாரு, மறுபடியும் கத்தியோட தெருவுல நிக்கணும்.

எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னா கேக்குற? சொல்லத்தான வந்தேன், வாய மூடிட்டுச் சாப்பிடு.

புல்லு, மழை, காட்டு நாய், நெருப்பு மூட்டிக் கிட்டார் வாசிக்கிறவனுங்க, தரைக்கு மேல இருக்கிறது எல்லாத்துலயும் எங்க ஆளு கெட்டி. அந்தப் பாழடைஞ்ச ஃபேக்டரி வந்துச்சு பாரு, அங்கதான் நின்னுபோச்சு. அந்தப் பக்கம் போகணும்னா நிலவறைக்குள்ள இறங்கித்தான ஆகணும்? நீ அப்படித்தான வச்சிருந்த? அந்தப் படிக்கட்டு வரைக்கும் போவாரு. இருட்ட ஒரு பார்வை பாப்பாரு. எந்திரிச்சு பால்கனிக்குப் போய் சிகரெட்டப் பத்த வச்சுடுவாரு. மறுநாளும் அதே கதை. வாரக்கணக்கா அந்த பொம்மை மனுஷன் படிக்கட்டுல நின்னுக்கிட்டே இருந்தான்.

ஒரு நாள் நான் முட்டைக்கோஸ் நறுக்கிட்டு இருந்தேன். இவரு வந்து நாற்காலிய இழுத்துப் போட்டாரு. உக்காருன்னாரு.

எனக்குக் கத்தி கையிலயே நின்னுபோச்சு தம்பி. அத்தனை மாசத்துல என்கிட்ட சொன்ன முதல் வார்த்தை. கையத் தொடச்சிக்கிட்டு உக்காந்துட்டேன்.

எனக்கு மவுஸப் புடிக்கவே தெரியாது. முன்னாடி போன்னா சுவத்தப் பாத்துக்கிட்டு நிப்பேன். டார்ச்ச அடின்னா குண்ட வீசிடுவேன். அதுலயும் ஒரு பூதம் வச்சிருக்கியே, ஆளு தெரியாது, மூச்சு மட்டும் கேக்குமே, பெத்தவங்க உனக்கு ஒழுங்கா சோறு போடலையா? அது வந்தா நான் அவ்ளோதான். செத்து, மறுபடி படிக்கட்டுலேர்ந்து, மறுபடி செத்து.

அவரு என் முதுகுக்குப் பின்னாடி நாற்காலியப் புடிச்சிக்கிட்டு நிப்பாரு. இடது கைப் பக்கம் சுவத்த ஒட்டிப் போ. ஓடாத. தண்ணி சொட்டுற சத்தம் கேக்குதா, அங்க நிக்காத, தண்ணி வந்தா கூரைய நம்ப முடியாதுன்னு அர்த்தம்பாரு. இது உன் கேம்லயே கிடையாது, உன் கூரை எங்க விழுது? அவரு உன் நிலவறையப் பத்திப் பேசல.

அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. ஒரு நடைபாதையில, அன்னிக்கு ஜோரா பூண்டுக் கொத்துக்கறி கொண்டாந்தான், சுரங்கத்துக்குள்ள போற வண்டி முழுக்க நாத்தம், எல்லாரும் திட்டினோம்னாரு. அடுத்ததுல, கூரையத் தாங்குற முட்டு மரம் முதல்ல எலி மாதிரி கீச்சுன்னுச்சு, ஜோரா அத எலின்னு சொல்லிச் சிரிச்சான்னாரு. நான் திரும்பிப் பாக்கவே இல்ல. பாத்தா நின்னுடும்னு தெரியும். திரையையே பாத்துக்கிட்டு, வழி தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி மெதுவா மெதுவாப் போவேன். நான் செத்தா அவரும் வாய மூடிக்குவாரு, அன்னிக்கு அவ்ளோதான்.

நேரா கேக்க வேண்டியதுதானன்னு சொல்ற. நீ கல்யாணம் பண்ணிக்கல, தெரியுது. கேட்டேன் தம்பி. ஜோராவ அடக்கம் பண்ணின அன்னிக்கே கேட்டேன். மூஞ்சியப் பாத்துக் கேட்டா அவருக்கு வரல. இருட்டுல, என் முதுகப் பாத்துக்கிட்டுதான் வந்துச்சு.

அப்பதான் நீ புண்ணியம் கட்டிக்கிட்ட. புது பேட்ச். ஃபேக்டரியோட கிழக்கு மதில்ல ஒரு ஓட்டை, இனிமே நிலவறைக்குள்ள போக வேண்டிய அவசியம் இல்லன்னு. அதுக்குக் கீழ நூறு பேரு நன்றி நன்றின்னு. யாருடா உன்னக் கேட்டா?

கேட்டாங்களா? இருட்டா இருக்குன்னு அழுதாங்களா? துப்பாக்கி வச்சிக்கிட்டு பூதம் சுடற கேமுக்கு வந்துட்டு, இருட்டா இருந்தா பயமா இருக்குன்னு அழுவானுங்களாம், அண்ணன் உடனே மதில இடிச்சுக் குடுப்பாராம்!

அந்தப் பேட்ச எங்க வீட்டுக்காரரே இறக்கிப் போட்டாரு. புதுசா ஆரம்பிச்சாரு. ரெண்டே நாள்ல ஃபேக்டரிக்கு வந்தாரு, ஓட்டை வழியா குனிஞ்சு அந்தப் பக்கம் போயிட்டாரு. புல்லு, மழை, கிட்டார். என் நாற்காலி திரும்ப அடுப்படிக்கு வந்துடுச்சு. இப்ப மறுபடி நாய்க்குத்தான் வணக்கம்.

பழையத எடுத்துப் போட்டுக்கோன்னா? போட்டுக் குடுத்தாலும் அவருக்கு ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சுபோச்சே. நானே சொல்லிப் பாத்தேன், வாங்க நிலவறைக்குப் போலாம்னு. எதுக்குங்கிற மாதிரி பாக்குறாரு. வேலை இருந்தாத்தான் சுரங்கக்காரன் இறங்குவான், சும்மா எவன் இறங்குவான்? ஆனா நீ அடைச்சேன்னு வை, மறு பேச்சு இருக்காது. உன் மேல அவருக்கு அவ்ளோ மரியாதை. நீ எழுதற ஒவ்வொரு பேட்ச் குறிப்பையும் கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிக்கிறாரு. ஓட்டை தப்பா வந்துடுச்சு, எடுத்துட்டேன், புதுசா ஆரம்பிங்கன்னு ஒரு வரி எழுது. ஆரம்பிப்பாரு. என்னக் கூப்பிடுவாரு.

நூறு பேரு திட்டுவானுங்கன்னா திட்டட்டும். என் பேரச் சொல்லு, ராயான்னு, ரயில் பெட்டியப் பாத்துக்கிறவ. ல்விவ் வண்டில ஏறட்டும், அவனுங்களுக்கு டீ நான் குடுக்கிறேன்.

ஏன் இவ்ளோ அவசரம்னா? கதை முடியல தம்பி, அதான். கடைசியா நிலவறையில அந்தப் பெரிய குழாய் இருக்கிற எடத்துக்கு வந்திருந்தேன். அவரு மெதுவாப் பேசிட்டே வராரு. ரெண்டு பேருக்கும் நடுவுல பாறை, ஆளு தெரியல, குரல் மட்டும் கேட்டுச்சுன்னாரு. ஜோரா தண்ணி கூட கேக்கலன்னாரு. லோன்யா, நீ எப்படியும் வெளிய போயிடுவ, என் அக்காகிட்ட ஒண்ணு சொல்லணும்னு ஆரம்பிச்சானாம். அந்த நேரம் பாத்து உன் பூதம் என்ன அடிச்சுப் போட்டுடுச்சு. அவரும் நிறுத்திட்டாரு. மறுநாள் உன் பேட்ச்.

ஜோராவுக்கு நான் ஒரே அக்கா, தம்பி.