நடுக்கம்பம்

— எழுந்திரிக்கிறேன். பல் தேய்க்கிறேன். வாசல்ல ரெண்டு பால் பாக்கெட் கிடக்கும். ஒண்ணைக் காய்ச்சுறேன், ஒண்ணை ஃப்ரிட்ஜில வைக்கிறேன். குளிச்சிட்டு பஸ்ஸைப் பிடிக்கிறேன். இவ்வளவுதான் சார்.

— ஒத்தை ஆளுக்கு ரெண்டு பாக்கெட் எதுக்கு தம்பி?

— நிறுத்தச் சொல்லலை.

— நான் சொல்லிடறேன். பால்காரனுக்கு ஒரு வார்த்தை சொன்னா ஆச்சு. தெருச் சங்கத்துக்குச் செக்ரட்டரின்னு நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?

— வேணாம் சார். நானே சொல்லிக்கிறேன்.

— அதாவது, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்கன்னு சொல்ல வர்றேன்.

— வைக்கிறதெல்லாம் ஃப்ரிட்ஜிலதான்.

— பாருங்க, சிரிக்கவும் முடியலை. சரி, நீங்க ஆபீஸ் கிளம்புறதுக்குள்ள பிடிக்கணும்னுதான் வாக்கிங்கைப் பாதியிலயே விட்டுட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை காலையில வெச்சிருக்கோம். கருங்கல் பலகை வந்துருச்சு.

— என்ன பலகை?

— போன மாசமே சொன்னேனே. தெரு முனையில, லாரி, காரு உள்ள வராம மூணு இரும்புக் கம்பம் நட்டிருக்கோம் பாருங்க, அதுக்குப் பக்கத்துச் சுவர்ல பதிக்கிறோம். மேல உங்க வீட்டம்மா பேரு. நீங்கதான் துணியை விலக்கணும். கவுன்சிலர் வர்றதா ஒத்துக்கிட்டாரு.

— அவ கையில காப்பி வாங்கிக் குடிச்சவங்க எல்லாரும் இருக்கீங்க. கவுன்சிலர் விலக்கட்டும்.

— கோபம் புரியுது. ஆனா அந்தக் கம்பம் யாரு கொண்டு வந்தது? அந்தப் பொண்ணு இல்லைன்னா இன்னைக்கும் அடுக்குமாடி டவர் கட்டுறவனோட லாரி நம்ம வாசலை உரசிக்கிட்டுத்தான் போகும். முக்கு வீட்டுப் பாப்பாவோட கால் மேல ஏத்தினானே, மறந்துட்டீங்களா? வீடு வீடா ஏறி இறங்கிச் சம்மதம் வாங்கினது உங்க சம்சாரம். எங்க வீட்டுக்கே மூணு தடவை வந்துச்சு.

— நீங்கதான் முதல்ல வேணாம்னீங்க.

— கார் வச்சிருக்கேன்ல, வேணாம்னுதானே சொல்லுவேன். பேசியே மடக்கிருச்சு. “சார், உங்க காரு நடக்காது, நீங்க நடக்கலாம், சுகருக்கு நல்லது”ன்னு என் பொண்டாட்டி முன்னாலயே சொல்லிருச்சு. அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வேணாங்கிறது?

— சொல்லியிருப்பா.

— இப்ப பாருங்க. பிள்ளைங்க ரோட்டுல பந்தடிக்குது. சீண்ட ஆளில்லாத தெரு இது. இப்ப புரோக்கர் வந்து “அமைதியான குடியிருப்பு”ன்னு போர்டு மாட்டுறான். எதிர்வீட்டுக்காரர் என்ன விலைக்கு வித்தாருன்னு தெரியும்ல?

— தெரியும். அதான் கம்பத்தை யாரும் எடுக்க விடமாட்டேங்கறீங்க.

— எடுக்கறதா? என்ன தம்பி பேச்சு இது. அவங்க நினைவா நிக்கிறது.

— எனக்குப் பலகை வேணாம் சார். கம்பத்தை எடுத்துடுங்க. அடுத்த வீட்டுல யாருக்காவது ஏதாவது ஆகிறதுக்குள்ள எடுத்துடுங்க. நான் கேக்கறது அது ஒண்ணுதான்.

— தெருவோட அந்தப் பக்கம் டவர்காரன் தகரம் அடிச்சு அடைச்சுட்டான். இந்தப் பக்கம் திறந்து விட்டா நாளைக்கே அதைப் பிரிச்சுட்டு லாரி உள்ள வரும். கூட்டத்துல ஒருத்தர் ஒத்துக்க மாட்டாங்க. அதுவும் பலகையில போட்டிருக்கிற வாசகத்தைப் படிச்சா நீங்களே மனசு மாறிடுவீங்க.

— என்ன போட்டிருக்கீங்க?

— “இந்தத் தெரு நம் பிள்ளைகளுக்கு.” கீழ சின்ன எழுத்துல, அவர் கடைசியாகச் சொன்னது.

— யார்கிட்ட சொன்னா?

— அதாவது, தெருவுல எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிறாங்க.

— பக்கத்துல நான் இருந்தேன். தூக்கிப் பிடிக்க அயர்ன்காரர் இருந்தார். தெரு எங்க இருந்தது?

— உணர்ச்சியில நாலு பேரு நாலு விதமா...

— கல்லுல வெட்டியாச்சா?

— வெட்டியாச்சு.

— ஆன்ட்டி வர்றாங்க. உங்களைத் தேடித்தான்.

— ஏங்க, வாக்கிங் போறவர் செருப்பு போட்டுக்கிட்டா போவாரு? ஷூ அங்க கிடக்கு. இங்கதான் இருப்பீங்கன்னு தெரியும். தம்பி, சாப்பிட்டியா? மூஞ்சியைப் பாரு, கழுவின பாத்திரம் மாதிரி வெளுத்துக் கிடக்கு.

— சாப்பிட்டேன் ஆன்ட்டி. உட்காருங்க. அதுல வேணாம், இதுல. அதுக்குக் கால் ஆடுது.

— பிளாஸ்டிக் நாற்காலிதானே, தூக்கி எறிய வேண்டியதுதானே. ஐயோ. இதுலதான் வச்சுத் தூக்கிட்டுப் போனீங்களா?

— ஆமா.

— நீ வேற எதையாவது கேட்டு வைக்காதே. நாங்க பலகை விஷயம் பேசிக்கிட்டிருக்கோம்.

— பலகை, பலகை. பேத்திக்குக் காதுகுத்துன்னாகூட இவ்வளவு ஓடமாட்டாரு தம்பி. கல்லு போதாது, பளபளன்னு இருக்கணும்னு கடை கடையா அலைஞ்சாரு. ராத்திரி மட்டும் தூக்கம் கிடையாது. ஏன் தெரியுமா?

— வீட்டுக்குப் போகலாம், வா.

— போகலாம். அவன்கிட்டச் சொல்லிட்டுப் போகலாம். நீங்க சொல்லுவீங்கன்னு நானும் இத்தனை நாளாப் பார்த்துட்டேன். தம்பி, அந்த நடுக்கம்பம் இருக்குல்ல, தூக்கி எடுக்கிற மாதிரி வச்சது?

— அவ வச்ச கண்டிஷன் அது. நடுவுல ஒண்ணு பூட்டு போட்டு, திறந்தா கையோட வரணும். வீடு மாத்தறவங்களுக்கு, ஆம்புலன்ஸுக்கு. அது இல்லாம நட விடமாட்டேன்னு வெயில்ல நின்னா. சாவி சார்கிட்ட.

— அன்னைக்கு அது ஏன் வரலைன்னு நினைக்கிற?

— துருப்பிடிச்சுப் போச்சுடி. மழையில நிக்கிற இரும்பு, அதாவது...

— துரு இல்லைங்க. அதைச் சொல்லிச் சொல்லி உங்க நாக்குதான் துருப்பிடிச்சுப் போச்சு. லாரிக்காரன் பூட்டை உடைச்சு உடைச்சுப் போட்டான் தம்பி. இவரு புதுப்பூட்டு போட, அவன் உடைக்க. ஒருநாள் கோபம் தலைக்கேறி, மாடிப்படி பூசினதுல மிச்சம் இருந்த சிமெண்டைக் குழைச்சு குழிக்குள்ள ஊத்திட்டு வந்துட்டாரு. சங்கத்துக்கும் சொல்லலை, உன் பொண்டாட்டிக்கும் சொல்லலை. சொன்னா அந்தப் பொண்ணு பிலுபிலுன்னு பிடிச்சுக்கும்னு பயம்.

— தெரியும் ஆன்ட்டி.

— என்ன தெரியும்?

— காரியம் முடிஞ்சு வந்தப்ப குனிஞ்சு தடவிப் பார்த்தேன். மத்த ரெண்டுலயும் பழைய கான்கிரீட். நடுவுல மட்டும் வழவழன்னு வேற நிறம். கரண்டியால தேச்ச அடையாளம் இருந்துச்சு. நல்லாவே தேச்சிருந்தீங்க சார்.

— தம்பி... இத்தனை நாளா தெரிஞ்சுமா என்னை உள்ள விட்டு உட்கார வச்சீங்க?

— வெளிய நிறுத்தினா வந்துடுவாளா?

— தற்காலிகமாத்தான் ஊத்தினேன். டவர் வேலை முடிஞ்சதும் நானே உடைச்சு எடுத்துடறதா இருந்தேன். சத்தியமா. அதாவது, நான் சொல்றது...

— சிமெண்ட்டு பரவால்ல சார்.

— பரவால்லையா?

— கோபத்துல யாரும் செய்யறதுதான். அன்னைக்குக் காலையில நான் போன் பண்ணினப்ப என்ன சொன்னீங்க?

— எனக்கு ஞாபகம் இல்லை.

— எனக்கு இருக்கு. “ஆம்புலன்ஸ் கூப்பிட்டாச்சா? நான் போய்க் கம்பத்தை எடுத்து வைக்கிறேன், நீங்க கவலைப்படாதீங்க”ன்னீங்க.

— வாயில வந்துருச்சு தம்பி. சாவி கேட்டு யாரு கூப்பிட்டாலும் அதைத்தான் சொல்லிப் பழக்கம். ஊத்தியிருக்கேன், வராதுன்னு அந்த நேரத்துல எப்படிச் சொல்லுவேன்? சுத்தியல் எடுத்துக்கிட்டு ஓடினேன். ரெண்டு அடி அடிச்சா பேந்துடும்னு நினைச்சேன்.

— ஆமா. அடிக்கிற சத்தம் கேட்டுது. வண்டி வந்து முனையில நின்னுது. இப்ப எடுத்துடுவேன்னு சொல்லி அவங்களை உள்ளயே உட்கார வச்சுட்டீங்க. நீங்க சொல்றதை நம்பி நான் இங்க அவளை மடியில வச்சுக்கிட்டு வாசலைப் பார்த்துக்கிட்டிருந்தேன். வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஸ்ட்ரெச்சரை அப்பவே தூக்கிட்டு ஓடி வந்திருப்பாங்க. நம்ம வாசல் ஓரமா பைப்புக்குத் தோண்டின பள்ளத்தைத் தாண்டி ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சிருப்போம். காத்திருந்து காத்திருந்து பொறுக்காமத்தான் நாற்காலியில வச்சுத் தூக்கினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, ஏன் இவ்வளவு நேரம்.

— கேட்டுக்கோங்க. இதுக்குத்தான் தூக்கம் வரலை உங்களுக்கு.

— நீ ஒரு நிமிஷம் பேசாம இரு. தம்பி, நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க மறைக்காம சொல்லணும். அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா? நான் அங்க சுத்தியலோட நின்னதைப் பார்த்துச்சா?

— இல்லை. பள்ளத்தைத் தாண்டும்போதே கண்ணை மூடிட்டா. உங்ககிட்ட வந்து சேர்றப்ப பேச்சில்லை.

— அதுக்கு முன்னால ஏதாவது சொல்லிச்சா? என்னைத் திட்டிச்சா?

— பலகையில போட்டுட்டீங்களே சார். அதுவே இருக்கட்டும்.

— இல்லை. அந்தக் கல்லை நான் உடைச்சுப் போடறேன். இன்னைக்கே ஆளை வச்சுக் கம்பத்தையும் பிடுங்கிடறேன், கூட்டமும் வேணாம் ஒண்ணும் வேணாம். யாரு கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன். எனக்குத் தெரிஞ்சாகணும். திட்டியிருந்தா திட்டினதைச் சொல்லுங்க, வாங்கிக்கிறேன். அதுக்குத் தகுதியான ஆளுதான்.

— வேணாம் சார். தாங்கமாட்டீங்க.

— சொல்லிடு தம்பி. இவரை இப்படியே கூட்டிட்டுப் போனா இன்னும் மோசம்.

— இந்த வாசப்படியில தூக்கிக்கிட்டு இறங்கினோம். நான் தெரு முனையையே பார்த்துக்கிட்டிருந்தேன். அதைப் பார்த்துட்டுச் சொன்னா.

— என்ன சொல்லிச்சு?

— “ஏங்க பயப்படறீங்க, செக்ரட்டரி சார் திறந்துட்டுத்தான் நிப்பாரு”ன்னா.