என்னுது

கோல்கீப்பரின் கையுறையை வெந்நீரில் துவைக்கக் கூடாது, ஐயா. பிடிமானம் போய்விடும். பதினொரு வருடமாகப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில்தான் காயவைக்கிறேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் எதையும் அவசரப்பட்டுச் செய்கிற ஆள் இல்லை.

வாரத்தில் ஐந்து நாள் டைல்ஸ் கிடங்கில் வேலை. சனி, ஞாயிறு கால்பந்து. மைதானத்தில் என்னைப் 'பூட்டு' என்பார்கள். என் தங்கையின் கணவருக்கும் அதே கிடங்கு, அதே அணி. எனக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுவார். எங்களுக்குள் ஒரு வார்த்தை உண்டு. நான் "என்னுது" என்று கத்தினால் அவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. நின்ற இடத்தில் நின்றுவிட வேண்டும். பந்தை நான் பார்த்துக்கொள்வேன். முதலில் அவர் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. எத்தனையோ மாலைகள் பழக்கினேன். இப்போதெல்லாம் தூக்கத்தில் சொன்னாலும் நின்றுவிடுவார் என்று தங்கை கேலி செய்வாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பந்து முகத்தில் அடித்தது. மூக்கெலும்பு சேர்ந்துவிட்டது, பயம் போகவில்லை. எவனாவது காலை ஓங்கினால் என் கண் தானாக மூடிக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்ததில் முட்டி பட்டு ஒருவனின் தோளெலும்பு உடைந்தது. முரடன் என்றார்கள். சப்பைப் பந்தெல்லாம் உள்ளே போனது. எதிரணியோடு கைகோத்துக்கொண்டு வேண்டுமென்றே விடுகிறான் என்று விசாரணை வைத்து, ஆறு ஆட்டத்துக்குத் தடை போட்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. துரோகி என்றாலும் தலைநிமிர்ந்து நடக்கலாம். பயந்தாங்கொள்ளி என்றால் எங்கே போவது?

தடை முடிந்து மறுபடி ஆட வந்தபோது, தங்கையின் கணவர் மட்டும் கண்டுபிடித்துவிட்டார். போன புதன்கிழமை, கிடங்கில் கைகழுவும் இடத்தில் வைத்துக் கேட்டார்.

"மச்சான், பந்து வர்றப்ப கண்ண மூடிக்கிறீங்கல்ல?"

"யாரு சொன்னா?"

"நானே திரும்பிப் பாத்தேன். மூணு ஆட்டமா பாக்கறேன். ஞாயித்துக்கிழமை கோச்சுகிட்ட பக்குவமா சொல்லிடறேன். இதுல வெக்கப்பட என்ன இருக்கு?"

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதுதானே எங்கள் பேச்சு.

மறுநாள் காலை, சரக்கு ஏற்றும் மேடையை நோக்கி லாரி பின்னால் வந்தது. அவர் மேடைக்குக் கீழே, லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விழுந்த அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். டிரைவருக்குத் தெரிய வழியில்லை. பாவம், அவரை விட்டுவிடுங்கள். சத்தம் கேட்டு இவர் ஒதுங்கத்தான் பார்த்தார். ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டார். மேடைமேல் நின்றிருந்த நான் "என்னுது" என்றேன். நின்றுவிட்டார். இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை.

வாய் தவறி வந்துவிட்டது என்று ஐந்து நாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று தங்கையின் இரண்டு வயது மகள் அவளுடைய அப்பாவின் செருப்பைக் கட்டிக்கொண்டு "என்னுது, என்னுது" என்றாள். எனக்குக் கால் நகரவில்லை. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் ஏதோ வருகிறது என்று தெரிகிறது, திரும்ப முடியவில்லை. "அண்ணன் ரொம்ப பயந்துபோயிருக்கு" என்று தங்கைதான் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள். அவள் கையால் வாங்கிக் குடித்தேன். இங்கே உட்கார்ந்திருக்கும்போதும் அந்தக் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறேன், கவனித்திருப்பீர்கள்.

பயத்தில் வாய் தவறிவிட்டது என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் பயந்திருந்தால் என் கண் மூடியிருக்கும், ஐயா. அன்று லாரி மேடையில் முட்டி நிற்கும்வரை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இந்த மூன்று வருடத்தில் அந்த ஒரு நிமிடம்தான் எனக்குப் பயமே இல்லை.