பனிக்கட்டி மேல் ஒரு காசு

நீங்கள் ஜீவனஹள்ளி முனையில் ஆட்டோவை விட்டு இறங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் எனக்குத்தான் தெரியும். ஜன்னல் அப்படி அமைந்திருக்கிறது, நான் என்ன செய்ய. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாது என்று அங்கே விதி. கேட்டேன், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. ஓய்வுக்குப் பிறகுதான் சொல்ல ஆரம்பித்தேன்.

அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்காருங்கள். சிந்து அதில்தான் உட்காருவாள். உங்கள் விசாரணைக் குழு அவளைப் பற்றி விசாரிக்கத்தான் உங்களை அனுப்பியிருக்கிறது என்று தெரியும். காபி குடித்துவிட்டே கேளுங்கள். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

மாடி போர்ஷனுக்கு அவள் குடிவந்த புதிதில், உங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் கடலில் கொட்டும் எண்ணெயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று நான்தான் தெருவுக்கு அறிவித்தேன். எதிர்வீட்டு லட்சுமம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“சமுத்திரமே இல்லாத ஊர்ல இந்தப் பொண்ணு என்னத்த ஆராய்ச்சி பண்ணுது மௌரீனம்மா? அல்சூர் கெரேல, அந்த ஏரித் தண்ணில எண்ணெ ஊத்திப் பார்க்குதா?”

லட்சுமம்மாவுக்கு எல்லாமே நையாண்டிதான். என்னைத் தெருவின் ரேடியோ என்று சொல்பவளும் அவள்தான். ரேடியோவைக் கேட்க ஆள் இருந்தால்தானே அது ரேடியோ. என் சொந்தக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு மட்டும் உயிரோடு இருப்பார்கள். மற்ற நாட்களில் நான் ஜன்னலில் நிற்பேன், தெரு என்னைத் தாண்டிப் போகும்.

சிந்து தாண்டிப் போகவில்லை. முதல் வாரமே சாயங்காலம் கீழே வந்து, “ஆன்ட்டி, ஏதாவது வாசனை வருதே” என்று அடுக்களையில் எட்டிப் பார்த்தாள். அன்றிலிருந்து இரவுச் சாப்பாடு இங்கேதான். மீன் குழம்பு வைத்தால் மட்டும் முகத்தைச் சுளிப்பாள். “இது மீனா ஆன்ட்டி? பெங்களூருக்கு வர்றதுக்குள்ள இதுக்கே வயசாயிடுச்சு.” கடலூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துப் பெண், அப்படித்தான் பேசுவாள். எனக்கு அது பிடித்திருந்தது.

அவள் குப்பத்துக் கரையில்தான் எண்ணெய் ஒதுங்கியது. ஒரு கம்பெனியின் குழாய் உடைந்ததால் என்று ஊரார் சொன்னார்கள். வழியில் போன கப்பல் கொட்டியது என்று கம்பெனி சொன்னது. சிந்துவின் அம்மாவும் மற்றப் பெண்களும் கையுறைகூட இல்லாமல் பக்கெட்டிலும் பிளாஸ்டிக் மக்கிலும் அள்ளினார்கள். அந்த அம்மாவுக்குக் கையெல்லாம் கொப்புளம், பிறகு நிற்காத இருமல்.

செய்தி கேட்டதும் சிந்து இரவோடு இரவாக ஓடிப்போய், மறுநாள் காலையிலேயே அந்த மணலைக் கண்ணாடி ஜாடிகளில் எடுத்து முத்திரை வைத்துக்கொண்டு வந்தாள். அதன் பிறகு எடுத்தால் பயன் இல்லையாம். வெயிலும் அலையும் எண்ணெயை மாற்றிவிடும்.

“ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு கைரேகை இருக்கு ஆன்ட்டி. இது கம்பெனி குழாய்ல வந்ததுன்னு என்னால நிரூபிக்க முடியும்.”

பாதி ஜாடிகளை உங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதித்து நிரூபித்தும் விட்டாள். கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. மீதிப் பாதியை வேறு ஆய்வுக்கூடம் சோதிக்கட்டும் என்று, குப்பத்தார் வழக்குப் போட்டிருந்த தீர்ப்பாயம் சொன்னது. அதுவும் ஒத்துப்போனால் கரை முழுவதையும் கம்பெனி சுத்தம் செய்ய வேண்டும், நோய் வந்தவர்களுக்கு வைத்தியமும் பார்க்க வேண்டும்.

அந்த மீதிப் பாதி எப்படி என் வீட்டுக்கு வந்தது என்பதுதானே உங்கள் கேள்வி. இந்த மணல் வருவதற்கு முன்பே உங்கள் நிலையத்து ஃபிரீசர் ஒரு விடுமுறையில் நின்றுபோனதும், அடுத்த வாரம் நிலையம் திறக்கும்வரை யாரும் கவனிக்காததும் உங்களுக்கே தெரியும். என்னிடம் கேக் ஆர்டர் எடுத்த காலத்தில் வாங்கிய பெரிய ஃபிரீசர் இருக்கிறது, அதற்கென்று தனி இன்வெர்ட்டரும். சிந்து ஜாடிகளை அதில் அடுக்கினாள்.

“அங்க பூட்டு இருக்கு, ஆள் இல்ல. உங்க வீட்ல எப்பவும் நீங்க இருப்பீங்க ஆன்ட்டி.”

பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்கு எங்கும் போக இடமில்லை என்பதை அவ்வளவு அன்பாக யாரும் சொன்னதில்லை.

அந்த மணலிலேயே எண்ணெயைத் தின்னும் கிருமிகள் இருக்குமாம். குளிரில் தூங்கும், சூடு பட்டால் எழுந்து சாப்பிட ஆரம்பிக்கும். அதனால் உருகவே கூடாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம் வைத்தாள். ஸ்டீல் டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, பனிக்கட்டி மேல் ஒரு காசு வைத்தாள். நாம் இல்லாத நேரத்தில் உருகி மறுபடி உறைந்தால் காசு அடியில் கிடக்கும். மேலேயே இருந்தால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். படித்தவள் செய்வதைப் பாருங்கள் என்று லட்சுமம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஒரு சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: “கேஸ் ஜெயிச்சா கரையைச் சுத்தம் பண்றதைக் கண்காணிக்க அங்கயே ஒரு மையம் வைப்பாங்க ஆன்ட்டி. நான்தான் பொறுப்பு. அம்மாகூடவே இருந்துக்கலாம்.”

“ரொம்ப நல்லது” என்றேன். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

சித்திரை வெயிலில் அம்மாவைப் பார்க்க அவள் பத்து நாள் ஊருக்குப் போனாள். நான் ஃபிரீசரின் சுவிட்சை அணைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஜாடிகளைத் தொடவில்லை, முத்திரையைப் பிரிக்கவில்லை. மூடியின் மேல் கொஞ்சம் வெயில் விழட்டும் என்று அடுக்களை ஜன்னலைத் திறந்து வைத்தேன். வீட்டில் காற்று வர வேண்டும் அல்லவா.

உள்ளே இருந்த கோழியும் பன்றிக்கறியும் கெட்டுப்போயின, தெரு நாய்களுக்குப் போட்டேன். லட்சுமம்மா வாசலில் நின்று பார்த்தாள். “ஏனு மௌரீனம்மா, நாய்ங்களுக்கெல்லாம் இன்னிக்கு ஹப்பாவா, பண்டிகையா?” அவளுக்கு வேறு வேலை இல்லை. உங்களிடம் அதைச் சொன்னதும் அவளாகத்தான் இருக்கும்.

சிந்து திரும்பி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் சுவிட்சைப் போட்டேன். டம்ளரில் காசு தண்ணீருக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து, தண்ணீர் நன்றாக உறைந்த பிறகு மேலே வைத்தேன். அதே காசுதான். வந்ததும் ஓடிப்போய்த் திறந்து பார்த்தாள். “மேலயே இருக்கு ஆன்ட்டி, நீங்க தெய்வம்” என்று கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அதற்கு முன் என்னை யார் எப்போது முத்தமிட்டார்கள் என்று அன்று இரவு யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

அடுத்தது உங்களுக்குத் தெரியும். அந்த இன்னொரு ஆய்வுக்கூடத்தில் கைரேகை ஒத்துப்போகவில்லை, பாதியைக் கிருமி தின்றுவிட்டது. ஒன்று முதல் அறிக்கை பொய், இல்லையென்றால் ஜாடியில் கைவைத்திருக்கிறாள், சொந்த ஊர்க்காரி வேறு என்று கம்பெனி வக்கீல் சொன்னார். அவள் சத்தியம் செய்து, மணல் உருகவே இல்லை, காசு மேலேயே இருந்தது என்றாளாம். எல்லாரும் சிரித்தார்களாம்.

அங்கிருந்தே எனக்கு போன் செய்தாள்.

“ஆன்ட்டி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கரண்ட் போச்சா?”

“போகலையேம்மா.”

“காசு மேலதானே இருந்துச்சு?”

“நீயேதான் பார்த்தியே கண்ணு.”

இரண்டும் உண்மை. நான் பொய் சொல்வதில்லை. ஆபரேட்டராக இருந்தபோதும் சொன்னதில்லை.

வழக்கு தள்ளுபடி ஆனது. நீங்கள் அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தீர்கள். கரையில் சுத்தம் செய்துகொண்டிருந்த கொஞ்சப் பேரும் கூடாரத்தைப் பிரித்துப் போய்விட்டார்களாம். அவள் அம்மா ஆடி மாதம் மூச்சுவிட முடியாமல் இறந்துபோனாள். வருத்தம்தான். அதற்கும் சுவிட்சுக்கும் நேரடியாகச் சம்பந்தம் கிடையாது. ஆனால் அங்கே அவளுக்கு இனி யாரும் இல்லை, இங்கேதான் திரும்பி வருவாள் என்று தோன்றியது. அன்றே மாடியைக் கழுவி, திரைச்சீலை மாற்றினேன்.

வரவில்லை. சாமான்களை எடுக்க யாரோ ஒரு பையனை அனுப்பினாள். என் போனை எடுப்பதில்லை. எடுக்காத போன் எப்படி ஒலிக்கும் என்பது என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன். நான்தான் செய்தேன், தெரிந்தேதான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வழக்கு மறுபடி நடக்கும் அல்லவா? எனக்கு எதிராகச் சாட்சி சொல்லவாவது அவளைக் கூப்பிடுவீர்கள் அல்லவா? என் வீட்டில், அந்த ஃபிரீசருக்கு முன்னால் நின்று அவள் அடையாளம் காட்ட வேண்டியிருக்கும் அல்லவா?

எப்போது வருகிறாள் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள். ரஸல் மார்க்கெட் போய் நல்ல வஞ்சிரம் வாங்கி ஃபிரீசரில் வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே டம்ளரும் இருக்கிறது. வந்து பாருங்கள், காசு மேலேயேதான் இருக்கிறது.