நீல வாளி

அக்கா: அந்த வாளியை எடுத்துடு.

தங்கை: எந்த வாளியை?

அக்கா: எழுதி வச்சிருக்கியே... அறையில நீல வாளி இருந்துச்சு, கைப்பிடி கிடையாதுன்னு. அது எதுக்கு?

தங்கை: மூணு நாள் அடைச்சு வச்ச அறையில அது ஒண்ணுதான்க்கா இருந்துச்சு.

அக்கா: நாளைக்குப் பத்து மணிக்கு வக்கீலம்மாகிட்ட குடுக்கணும். இதை வச்சுத்தான் உன்னை இந்த நாட்டுல இருக்க விடுறதா, நம்ம நாட்டுக்கே திருப்பி அனுப்புறதான்னு அதிகாரிங்க முடிவு பண்ணுவாங்க. வாளி சட்டியெல்லாம் எழுதினா சிரிக்க மாட்டாங்க?

தங்கை: சின்னச் சின்ன விஷயத்துலதான் உண்மை தெரியும்னு வக்கீலம்மாவே சொன்னாங்க. தேதி மறந்துட்டா மறந்துட்டேன்னு சொல்லு, அழகுக்குன்னு எதையும் சேர்க்காதேன்னாங்க.

அக்கா: அவங்களுக்கென்ன, சொல்லுவாங்க... சரி, அந்தத் தண்ணி மோட்டாரையாவது எடு.

தங்கை: அறைக்கு ஜன்னல் கிடையாது. பக்கத்துல மோட்டார் ஓடினா விடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். அதை வச்சுத்தான் மூணு நாள்னே சொல்றேன்.

அக்கா: அப்ப ஒரு வாரம்னு போடு.

தங்கை: ஏன்?

அக்கா: சும்மா... கனமா இருக்கும்ல.

தங்கை: நேர்ல கேள்வி கேக்கும்போது வாய் தவறி மூணுன்னு வந்துட்டா? அங்க ஒண்ணு இங்க ஒண்ணு சொன்னா மொத்தமும் போச்சு. அச்சகத்துல புரூஃப் பாத்தவ நான். ஒரு எழுத்து மாற விடமாட்டேன்.

அக்கா: அந்த அச்சகத்தையே விட்டுட்டா என்ன? தையல் கடையில வேலை பாத்தேன்னு...

தங்கை: காணாமப் போனவங்க பேரை அச்சடிச்சதுக்குத்தானே என்னைப் பிடிச்சாங்க. அதைத் தையல் மிஷின்லயா அடிச்சோம்?

அக்கா: நக்கல் பண்ணாதடி.

தங்கை: பின்ன என்னக்கா. உனக்கு ஆறு வருஷத்துக்கு முன்னாடியே இங்க தங்க அனுமதி குடுத்துட்டாங்க, அதுவும் முதல் தடவையிலயே. எப்படிச் சொல்லணும்னு கத்துக்குடுன்னு கேட்டா, நீ ஒவ்வொண்ணா உருவிக்கிட்டே வர்ற. கடைசியில என் பேரு மட்டும்தான் மிஞ்சும். நீ என்ன சொல்லி வாங்கினேன்னு இன்னிக்கு வரைக்கும் வாயைத் திறந்ததில்ல.

அக்கா: அதெல்லாம் இப்ப எதுக்கு...

தங்கை: அக்கா, இஸ்திரிப் பெட்டியைத் தூக்கு. என் சட்டை கருகுது.

அக்கா: ஐயோ... நாளைக்குப் போட வச்சிருந்ததாச்சே.

தங்கை: போனாப் போகுது. ஓட்டல் சலவையில தினம் இருநூறு விரிப்பு தேய்க்கிற கை அது. என்னிக்காவது கருக்கியிருக்கியா?

அக்கா: இல்ல.

தங்கை: அப்ப இன்னிக்கு மட்டும் என்ன?

அக்கா: ...அந்த வாளி என் ஃபைல்ல இருக்கு.

தங்கை: ம்.

அக்கா: வாளி, மோட்டார், அச்சகம், மூணு நாள்... உனக்கு நடந்ததையெல்லாம் எனக்கு நடந்ததுன்னு சொல்லித்தான் வாங்கினேன். இப்ப நீயும் அதையே குடுத்தா, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பாங்க. உன்னைப் பொய்க்காரின்னுவாங்க. இல்ல என்னை. என் பிள்ளைங்களுக்கு இப்ப இதுதான்டி ஊரு.

தங்கை: உனக்கு நடந்ததைச் சொல்லியிருக்கலாமே.

அக்கா: எனக்கு என்ன நடந்துச்சு? நீ ஒளிஞ்சு திரிஞ்சப்ப, உன்னை அடைச்சு வச்சவங்க உன்னைத் தேடி வாரா வாரம் வீட்டுக்கு வந்தாங்க. அடிக்கல, வையல. என் சின்னவன் எந்தப் பள்ளிக்கூடம்னு கேட்டு, அவன் கன்னத்தைத் தட்டிட்டுப் போவாங்க. அவ்வளவுதான். காட்ட ஒரு தழும்பு கூட இல்ல. என்னை இந்த நாட்டுக்குக் கூட்டிட்டு வந்த ஆளும், இதெல்லாம் செல்லாது, கனமா எதையாவது சொல்லுன்னுட்டான்.

தங்கை: திரும்பிப் போனா உனக்கு என்ன ஆகும்னுதான் கேக்குறாங்க. நீ பயப்படுறதுல நியாயம் இருக்கான்னுதான் பாக்குறாங்க. தழும்பு எண்ணுறதில்லக்கா.

அக்கா: இதை அன்னிக்கு யாரு எனக்குச் சொன்னா... சரி. நீ எழுதினதை எழுதினபடியே குடு. வாளியும் இருக்கட்டும், மோட்டாரும் ஓடட்டும். என் பாடு என்ன ஆகுமோ ஆகட்டும்... என் மேல கோபமாடி?

தங்கை: கோபம் வர்றதா இருந்தா ஆறு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்.

அக்கா: என்ன சொல்ற?

தங்கை: இங்க வந்த புதுசுல போன்ல கேட்டியே, அந்த வாளி என்ன நிறம்னு. காகிதத்துல பேனா ஓடுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

அக்கா: தெரிஞ்சேவா சொன்ன?

தங்கை: பின்னால சின்னவன் அழுதுக்கிட்டிருந்தான்... இன்னொண்ணு. பத்து மணி எனக்கு இல்லக்கா, எனக்குப் பதினொண்ணு. பத்து மணி உனக்கு. முன்னாடி சொன்னதைத் திருத்தி உண்மையைச் சொல்ல வழி இருக்கான்னு, உன் பேரைச் சொல்லாம போன வாரமே வக்கீலம்மாகிட்ட கேட்டு வச்சுட்டேன். இப்ப போய் உன் சட்டையை எடுத்துட்டு வா. தேய்க்கிறதை நான் தேய்க்கிறேன்.