வெளிச்சம் பட்டதும்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். மூத்தவளின் தோளில் சாய்ந்து அவள் புருஷன் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“எம்மக இருட்டுக்குள்ளதான் வேலை பாக்குறா மதினி” என்றாள் இளையவள். நான் காதை அந்தப் பக்கம் வைத்தேன்.

“இருட்டுலயா?”

“சென்னையில ஆராய்ச்சி. ரத்தப் புத்துநோய் அணுவுல ஒரு மருந்த ஏத்தி இருட்டுல வைப்பாகளாம். இருட்டுல இருக்குற வரைக்கும் ஒண்ணும் ஆகாதாம். லைட்ட அடிச்சதும் அணு செத்துருமாம்.”

“வெடிச்சா?”

“வெடிக்காதாம். தானா சுருங்கி, துண்டு துண்டா ஒடைஞ்சு அடங்கிருமாம். சத்தமே வராதாம்.”

“ஒரு ரூமுல நாலு பேருக்கு மேல இருக்கப்படாதுன்னு சொல்லு.”

“அது பட்டாசு இல்ல மதினி.”

“எதுன்னா என்ன? செருப்பக் கழட்டிட்டு உள்ள போகச் சொல்லு. வாசல்ல மணல் வாளி இருக்கான்னு பாக்கச் சொல்லு. முக்கியமா, அவசரப்படப்படாது. நம்ம பக்கம் போன உசுரெல்லாம் அவசரத்துல போனதுதான்.”

“சரி, சொல்றேன்.”

திருத்தங்கல் தாண்டியது. சரிந்த புருஷனின் தலையை மூத்தவள் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள்.

“இவுகளுக்கும் அதே சீக்குதான. இவுகளுக்கு எப்ப அந்த லைட்ட அடிப்பாக?”

“இன்னும் கண்ணாடித் தட்டுல வச்சுத்தான் பாக்குறாக மதினி. ஒடம்புல இந்தச் சீக்கு எலும்புக்குள்ள இருக்குல்ல. அங்கன எப்படி வெளிச்சத்தக் கொண்டு போறதுன்னு தெரியலயாம்.”

மூத்தவள் புருஷனின் கையிலிருந்த பஞ்சை அழுத்திவிட்டாள்.

“அப்படின்னா, கொஞ்சம் அவசரமாவே பாக்கச் சொல்லு.”