கசிவைக் கையால் தேடியவர்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் சேக் அலாவுதீன் முதலாளி அவர்களே, பூவத்திலிருந்து வந்திருக்கும் உறவினர்களே, பொக்லைன் ஓட்டும் என் தோழர்களே, வணக்கம். மெக்கானிக் திரு. தெட்சிணாமூர்த்தி அவர்களுக்கு இரங்கல் சொல்லும் நாள் இத்தனை சீக்கிரம் வருமென்று சங்கச் செயலாளராகிய நான் நினைக்கவில்லை. இங்கே நினைத்தவர்தான் யார்?

சுனாமிக்குப் பின் காரைக்கால்மேட்டில் மணல் அள்ளினோமே, நினைவிருக்கிறதா? படகில் கிடந்த கேனில் ஹைட்ராலிக் ஆயிலைப் பிடித்து வந்திருந்தோம். கேனில் இருந்த கடல்நீர் கலந்து ஆயில் மோர் போல வெளுத்திருந்தது. "ஒரு கேன்தானே, ஊத்துப்பா" என்றார் நம் முதலாளி. "கடலையே மிஷினுக்குள்ள விடச் சொல்றீங்களா மொதலாளி? பம்பு போயிடுங்க" என்ற தெட்சிணாமூர்த்தி அண்ணன், நல்ல ஆயில் வரும்வரை டேங்க் மூடியின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். முதலாளி திட்டினார். பிறகு அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

மிஷினுக்கு அத்தனை காவல் இருந்தாரே, தன் கைக்கு யாரைக் காவல் வைத்தார்?

போன மாதம் அடைமழை. அரசலாற்று முகத்துவாரத்தை மணல் அடைத்தது. தெருக்களில் தண்ணீர் ஏறியது. அந்த மணலை அள்ளிக்கொண்டிருந்த என் வண்டியில் ஆயில் ஓடும் ஓஸ் குழாய் ஒன்று கசிந்தது. கசிவை அட்டையை நீட்டித்தான் தேட வேண்டும், கை வைக்கக் கூடாது என்று நமக்குச் சொன்னவரே அவர்தான்! அன்று அட்டை மழையில் கூழாகிவிட்டது.

"இன்ஜினை அணைச்சுட்டுப் பாருங்கண்ணே" என்றேன்.

"தண்ணி ஏறுதுய்யா" என்று வெறுங்கையால் ஓஸைத் தடவினார். கண்ணுக்குத் தெரியாத துளையிலிருந்து பீறிட்ட ஆயில், ஊசிபோல் அவர் விரலுக்குள் ஏறியது. ரத்தம்கூட வரவில்லை. "முள்ளு குத்துனாப்லதான் இருக்கு" என்று சுண்ணாம்பைத் தடவிக்கொண்டார். ஆயிலை ஊற்றி ஊற்றியே வண்டியை ஓட்டினோம். முகத்துவாரம் திறந்தது, தண்ணீர் வடிந்தது. விரலில் தொடங்கிய வீக்கம் தோளுக்கு ஏறியது. மருத்துவமனைக்குப் போனபோது காலம் கடந்திருந்தது. ஊர் பிழைத்தது, அண்ணன் பிழைக்கவில்லையே!

"அஞ்சு நிமிஷம் நிறுத்தியிருந்தா என்னா தம்பி ஆயிருக்கும்?" என்று லோகாம்பாள் அண்ணி என்னைக் கேட்டார்.  

தோழர்களே! அந்த வண்டி இன்னும் ஆற்றங்கரையில்தான் நிற்கிறது. அந்த ஓஸ் இன்னும் மாற்றப்படவில்லை. நாளை காலை மாற்றுவோம். முதலில் மண் அள்ளும் பக்கெட்டைத் தரையில் இறக்குவோம். இன்ஜினை அணைப்போம். உள்ளே தேங்கிய அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் கை வைப்போம். யார் அவசரப்படுத்தினாலும் அதுவரை பொறுப்போம். முதலாளி, நீங்கள் அவசரப்படுத்தினாலும் பொறுப்போம்!

அண்ணி, அண்ணன் எடுத்துக்கொள்ளாத அந்த ஐந்து நிமிடத்தை இனி ஒவ்வொரு வண்டியிலும் நாங்கள் எடுத்துக்கொள்வோம். இது சத்தியம்.