வழியில கடல் வருதா?

நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர், முதன்முறையாக விமானத்தில் ஏறி இறங்கி, பெட்டி வருவதற்குள் மகளுக்கு போன் போட்டார். முகமெல்லாம் பெருமை.

"ஹலோ... பாப்பா? அப்பாதான். வந்துட்டேன்!... ஆமா, ஆமா, உங்க ஊர்லதான். நாளைக்குக் காலையில எட்டு மணிக்குத்தானே உனக்கு ஹார்ட் ஆபரேஷன்? இன்னிக்கே வந்து நின்னேன் பாத்தியா!... ரெண்டு மணி நேரந்தான். நீ பதினாலு மணி நேரம்னு பயமுறுத்துன... கடலா? அதைத்தாம்மா நானும் தேடுனேன். ஜன்னல் சீட்டு. கண்ணு கொட்டாம பாத்துட்டு வந்தேன், பொட்டுத் தண்ணி தெரியல... பாஸ்போர்ட்டா? யாரும் முத்திரை குத்தலையே. நல்ல மனுஷங்கன்னு நெனச்சேன்... ஏம்மா, ஏன் பேச மாட்டேங்கிற?"

எதிர்ச் சுவரில் ஊர்ப்பெயர் பெரிதாக இருந்தது. பெயர் சரிதான். பக்கத்தில் இருந்த கொடி, காலையில் புறப்பட்ட இடத்தில் பார்த்த அதே கொடி.

"என்னது... ஒரே பேர்ல ரெண்டு ஊரா? ஐயோ! டிக்கெட் கடையில பேரை மட்டுந்தாம்மா சொன்னேன்... சாக்கு இல்ல! சத்தியமா சாக்கு இல்ல!... ஆமா. உன் கல்யாணத்தன்னிக்கும் லாரி ஆக்ஸில் உடஞ்சிடுச்சுன்னுதான் போன் பண்ணேன். அது நெசமாவே உடஞ்சதும்மா... சரி, என் பேச்சு புலி வருது கதை ஆயிடுச்சு. நம்ப வேண்டாம். வைக்காத! பாப்பா, வைக்காத!"

போனைக் காதில் இடுக்கிக்கொண்டே உதவி மேசைக்கு ஓடி, அங்கிருந்த பெண்ணிடம் டிக்கெட்டை நீட்டினார். அவள் கணினியில் தட்டிப் பார்த்து, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

"இருக்கியா?... இன்னிக்கே ஒரு பிளேன் இருக்காம். திரும்பிப் போய்ப் புடிக்கணும். பதிமூவாயிரம் கிலோமீட்டர், பதினாலு மணி நேரம்... அங்க வர்றப்ப நாளைக்கு மத்தியானம் ஆயிடும். டாக்டரை ஒரு நாலு மணி நேரம் தள்ளி வைக்கச் சொல்லேன்! நான் பேசுறேன், அவர் கால்ல வேணா... என்ன?... அவ்வளவு நேரம் தாங்காதுன்னாரா?... மாப்பிள்ளை பக்கத்துல இருக்கார்ல?... ஆமா, ஆமா. அவர் வேற, அப்பா வேற."

எந்த லாரியையும் விமானத்தைவிட வேகமாக ஓட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

"எனக்காக நிக்காதம்மா. எட்டு மணிக்கு உள்ள போயிடு... நீ தனியா இல்ல. நீ உள்ள இருக்கிற நேரம் நான் நடுக்கடல் மேல இருப்பேன். உன் பக்கமாத்தான் வந்துட்டிருப்பேன்... ஆமா. கண்ணு முழிக்கிறப்ப எதிர்ல இருப்பேன்... அழாத... ஹலோ? பாப்பா? ஹலோ?"

போன் சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. அவர் தாளை மேசைப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஏம்மா, இன்னொரு தடவை நல்லாப் பாத்துச் சொல்லு. வழியில கடல் வருதா?"